நாற்பது முறை ‘ஒன்றும் ஆகாது’

அன்புள்ள சார்,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மனைவிக்கு 31 வயது, மகளுக்கு நான்கு. மூன்று வருடமாக வீட்டில் சோப்பும் தண்ணீருமாகத்தான் வாழ்க்கை. பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே எடுக்க வேண்டும். நான் வேலை முடிந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையலாம். அவள் கைகளில் தோல் உரிந்து கிடக்கிறது. “செருப்பு கையில பட்டுடுச்சே, பாப்பாவுக்கு ஏதாவது வந்துடுமா?” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பாள். நானும் “ஒண்ணும் ஆகாதும்மா” என்று நாற்பது தடவை சொல்வேன்.

இப்போது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் ஓயாமல் வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து, சைக்காலஜிஸ்ட் ஒருவரிடமும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மேடம் போன வாரம் இவளைச் செருப்பைத் தொடச் சொல்லி, ஒரு மணி நேரம் கை கழுவக் கூடாது என்றார். இவள் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. என் அம்மா “இது வைத்தியமா, வதையா?” என்கிறார். இதில் நானும் இனிமேல் “ஒன்றும் ஆகாது” என்று சொல்லக் கூடாதாம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதுகூடவா தப்பு? உங்களுக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததாகப் பழைய கட்டுரை ஒன்றில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு முழுசாகச் சரியாகிவிட்டதா?

—

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரி யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, கேட்டுவிட்டீர்கள்.

எனக்குக் கழுவுகிற வகை இல்லை. திரும்பிப் பார்க்கிற வகை. அப்போது மதுரையில் சிம்மக்கல்லில் வேலை, திருநகரில் வீடு. பைக்கில் அரை மணி நேரம். பழங்காநத்தம் தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளம் உண்டு. வண்டி அதில் இறங்கி ஏறும்போது ‘தடக்’கென்று ஒரு சத்தம். உடனே மனசுக்குள், ‘யாரையாவது இடித்துவிட்டோமோ?’ இடிக்கவில்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் அடங்காது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்ப்பேன். டீக்கடை, ஒரு மாடு, அவ்வளவுதான். கிளம்பி நூறு அடி போனதும் அடுத்தது: ‘அடிபட்டவரை அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தால்?’ அப்புறம், ‘இப்போது வண்டியைத் திருப்பும்போது யாரையாவது இடித்திருந்தால்?’ அரை மணி நேரப் பயணம் சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி டார்ச் அடித்து டயரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். காலையில் தினத்தந்தியில் விபத்துச் செய்தி தேடுவேன். என் மனைவியிடம், “நான் யாரையும் இடிச்சிருக்க மாட்டேன்ல?” என்று கேட்பேன். அவளும் உங்களைப் போலத்தான், அலுக்காமல் பதில் சொன்னாள்.

முதலில் பார்த்த டாக்டர் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டச் சொன்னார். மணிக்கட்டு சிவந்தது. இரண்டாவதாகப் போன சைக்காலஜிஸ்ட் ஒரு தாளை எடுத்து ஏணி மாதிரி கோடு போட்டார். எதைச் செய்தால் எவ்வளவு பயம், நூறுக்கு எத்தனை என்று நானே சொல்ல வேண்டும். கண்ணாடியைப் பார்க்காமல் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவது 40. திரும்பாமல் நேராக வீட்டுக்குப் போவது 70. ‘இன்று நான் ஒருவரை இடித்துவிட்டு வந்திருக்கலாம்’ என்று நோட்டில் எழுதி, அதைப் படித்துவிட்டு, மறுநாள் பேப்பரைத் தொடாமல் இருப்பது 95.

ஏணியின் அடியிலிருந்து ஏறி, மூன்றாவது வாரம் நேராக வீட்டுக்கு வந்தேன். வாசற்படியில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். 85. பக்கத்து வீட்டில் டிவி சீரியல் பாட்டு கேட்டது. இருபது நிமிடம் கழித்தும் 80. என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம்! முக்கால் மணி நேரத்தில் 50. அப்புறம் தோசை சாப்பிடக் கூப்பிட்டாள், போனேன். கடைசித் தோசையின்போதுதான் கவனித்தேன், கொஞ்ச நேரமாக அந்த நினைப்பே இல்லை.

அன்று நான் யாரையும் இடிக்கவில்லை என்று எனக்கு யாரும் நிரூபிக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது நூறு சதவீதம் தெரியாது. பதில் வராமலே பயம் இறங்கியது. உங்கள் மனைவி செருப்பைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததும் இதற்காகத்தான்.

கை கழுவியதும் அவருக்கு ஒரு நிம்மதி வருகிறது இல்லையா, அது கந்துவட்டிக்காரனுக்குக் கட்டுகிற வட்டி. அன்றைக்கு அவன் வாசலில் வந்து கத்த மாட்டான். அசல் அப்படியே இருக்கும், நாளைக்கு வட்டி ஏறும். நீங்கள் சொல்கிற “ஒண்ணும் ஆகாதும்மா” அவருக்காக உங்கள் பாக்கெட்டிலிருந்து நீங்கள் கட்டுகிற வட்டி. நாற்பது தடவை சொன்ன பிறகும் நாற்பத்தோராவது தடவை கேட்கிறார் என்றால், அந்த வார்த்தை வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

பயப்படுவதை நேருக்கு நேர் சந்தித்துவிட்டு, கழுவுவது மாதிரி வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கிற இந்த முறைக்கு எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன் என்று பெயர், சுருக்கமாக ஈஆர்பி. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதைச் செய்து பார்த்து எழுதினார். அவருடைய முதல் நோயாளி, நோய் தொற்றிவிடும் என்று ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியை. அவர் இருந்த அறையின் குழாய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டு, நர்ஸ்களைக் கூடவே இருக்கச் செய்தார்கள். உங்கள் அம்மா அதைப் பார்த்திருந்தால் போலீஸுக்கே போயிருப்பார். இப்போது அப்படிச் செய்வதில்லை. படி எது, எப்போது என்பதை நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஈஆர்பியை முழுக்க முடித்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஓசிடிக்குக் கொடுக்கிற குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் சாப்பிட்டு முடித்தவர்களில் 48, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 10. ஆனால் ஈஆர்பியைப் பாதியில் விட்டுப் போனவர்களையும் கணக்கில் சேர்த்தால் 86 என்பது 62 ஆகிவிடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. இந்த வைத்தியத்தின் கஷ்டமே பாதியில் ஓடிவிடத் தோன்றுவதுதான். இதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஓசிடிக்கு மாத்திரை பலன் தெரியவே எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகும், அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

வதையா என்று கேட்டீர்கள். அவர் சம்மதிக்காமல் செய்தால் வதைதான். நீங்களாக வீட்டில் மோட்டாரை அணைப்பது, சோப்பை ஒளிப்பது, ‘பார், ஒன்றும் ஆகவில்லை’ என்று செருப்பை அவர் மேல் தேய்ப்பது, இதெல்லாம் ஈஆர்பி கிடையாது. தயவுசெய்து வேண்டாம். சைக்காலஜிஸ்ட் சொன்னதைப் பாருங்கள்: செருப்பைத் தொட்ட கையோடு ஒரு மணி நேரம். நீங்களும் நானும் பஸ் கம்பியைப் பிடித்த கையாலேயே கடலை தின்கிறவர்கள். அவர் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மணி நேரத்தின் கடைசியில் பயம் நூறுக்கு எத்தனையில் இருந்தது என்று எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். இறங்காமல் இருந்தாலும் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுவாமலும் உட்கார முடிந்தது என்பதே அவருக்குப் புதுச் செய்தி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மணி முடிந்ததும் ஓடிப்போய் இரண்டு மடங்கு கழுவினால் கணக்கு பழையபடிதான். புடவையில் ரகசியமாகத் துடைத்துக்கொள்வதும் கழுவல்தான். நானே பைக்கைத் திருப்பாமல் மனசுக்குள் அந்த ரோட்டை ஓட்டிப் பார்த்து ஏமாற்றியிருக்கிறேன்.

“ஒண்ணும் ஆகாது”க்குப் பதிலாக என்ன சொல்வது? அடுத்த முறை நீங்களும் கூடப் போய், மூன்று பேருமாக ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில், “இது ஓசிடி கேள்வியா இருக்கே, இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசியிருக்கோம்ல” என்பதுதான் வாக்கியம். குரலில் எரிச்சல் வரக் கூடாது, அது பெரிய வேலை. அப்புறம் பக்கத்தில் உட்காருங்கள். தோளைத் தொடுங்கள், காபி போட்டுக் கொடுங்கள். ஆறுதல் சொல்லத் தடை இல்லை, உத்தரவாதம் கொடுக்கத்தான் தடை. நாற்பதையும் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். முதல் வாரம் முப்பது ஆகட்டும். பின்வாசல் குளியலும் இந்தக் கணக்கில்தான் வரும், ஆனால் அது ஏணியில் எத்தனையாவது படி என்று அவர் சொல்லட்டும்.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். என் ஊகம்தான், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். முதல் வருடம் ‘எங்க மருமக சுத்தபத்தம்’ என்று அவரே பெருமையாகச் சொல்லியிருப்பார். மடி, தீட்டு என்று பேசிப் பழகிய வீடுகளில் இந்த நோய் வெகுநாள் ஒளிந்திருக்க இடம் உண்டு. மனைவிக்கு நீங்கள் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி: இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் வருகின்றன என்று 1978இலேயே ராக்மன் என்ற உளவியலாளரும் இலங்கையைச் சேர்ந்த பத்மால் டி சில்வாவும் எழுதிவிட்டார்கள். அந்த எண்ணம் வருவதால் அவர் கெட்ட தாய் ஆகிவிடவில்லை. பெரும்பாலும் அவர் யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

நடுவில் அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசிக் கேள்வி. முழுசாக? இல்லை. போன மாதம் பசுமலை பக்கம் மழையில் ஏதோ ‘தடக்’கென்றது. ‘யாரோ’ என்றது மனசு. “இருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டேன். வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். வண்டியைத் திருப்பவில்லை. திருநகர் முதல் ஸ்டாப்பில் நிறுத்தி வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.