அட்டை ஏன் வளைந்தது?

கேள்வி: இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவில் கையால் ஓவிய அட்டைகள் செய்து தோழிகளோடு மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டேன். வாட்டர் கலர், செய்தித்தாள் துண்டுகள், ஆயில் பேஸ்டல், ஸ்கெட்ச் பேனா எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு அட்டைகள் செய்தேன். பாதி, சுட்ட அப்பளம்போல் வளைந்துவிட்டன. மீதியில் வண்ணம் சேறாகிவிட்டது, எழுத்து கசிந்துவிட்டது. மின்சாரம் போன இரவில் மெழுகுவர்த்தி சொட்டிய ஒரு அட்டை மட்டும், மேலே நீலம் பூசியதும் ஏனோ அழகாகிவிட்டது. ஆனால் அது கெட்டுப்போன அட்டைதானே? எங்கே தவறு செய்கிறேன், அக்கா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பொருள்களில் குறை இல்லை. எதற்குப் பிறகு எது என்ற வரிசையில்தான் சிக்கல். பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலையில் பாதி வேலை இந்த வரிசைதான். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்களைப் பாருங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு பூசி, காயவிட்டு, கோடு வரைந்து, கல் பதித்து, மக்கு எனும் பசைக்கலவை வைத்து மேடாக்கி, தங்க ரேக்கு ஒட்டிய பிறகுதான் முகத்துக்கும் கைக்கும் வண்ணம் வரும். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. உள்ளங்கை அளவு அட்டைக்கும் அதே பொறுமை வேண்டும்.

முதலில் வளைவு. தாளில் ஈரம் பட்டால் இழைகள் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பசையும் வண்ணமும் பூசினால், அந்தப் பக்கம் காயும்போது அட்டையை இழுத்து வளைக்கிறது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர் கலர் தாள் வாங்குங்கள். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டைகள் வெட்டலாம், செலவு அதிகமில்லை. அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், முன்பக்கம் துண்டுகள் ஒட்டும் அன்றே பின்பக்கத்திலும் ஒரு மெல்லிய தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் அட்டையின் உள்பக்கத்திலும் தாள் ஒட்டுவதில் இந்தப் பலனும் உண்டு. ஃபெவிகாலை அப்படியே அப்பாமல், சில சொட்டுத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். வளைந்து கிடக்கும் உங்கள் அட்டைகளின் முதுகிலும் இப்படித் தாள் ஒட்டி அழுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும்.

அடுத்து, சேறு. தண்ணீரில் கரைவது முதலில், எண்ணெய்ப் பசையுள்ளது கடைசியில். ஆயில் பேஸ்டல் தீட்டிய இடத்தில் வாட்டர் கலரும் பிடிக்காது, பசையும் பிடிக்காது, பேனா முனையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே வாட்டர் கலர், அது காய்ந்ததும் ஒட்டுவேலை, அது காய்ந்ததும் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே பேஸ்டல். ஸ்கெட்ச் பேனாவின் மை ஈரம் பட்டால் ஓடும். தண்ணீரில் கரையாத மைப் பேனா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

செய்தித்தாள் வேண்டாம் என்பேன். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுத்து மஞ்சளாகி, தாளையும் நொறுங்க வைக்கும். பிடித்த செய்தியை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கரி தண்ணீரில் கரையாது, அதனால் மேலே தாராளமாக வண்ணம் பூசலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது அப்படியில்லை, பசையின் ஈரம் பட்டாலே கசியும்.

ஜெராக்ஸ் என்றதும் நான் மிகவும் விரும்பும் ஒரு முறையைச் சொல்லாமல் விட மனமில்லை. அட்டையில் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேர்க்காத அக்ரிலிக் பசை) தடவி, ஜெராக்ஸ் பிரதியைப் படம் கீழே பார்க்கும்படி ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஈர விரலால் முதுகை மெல்லத் தேய்த்தால், தாள் திரிதிரியாக உரிந்து வந்துவிடும். படம் மட்டும் அட்டையில் தங்கும். அங்கங்கே விட்டுப்போய், பழைய சுவரில் எழுதியதுபோல் தெரியும். பாட்டியின் கையெழுத்து உள்ள கடிதம் எதுவும் வீட்டில் இருந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து இப்படிச் செய்யுங்கள். மூலக் கடிதம் பத்திரமாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழும். கடையிலேயே திருப்பிப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டுப் பொருள்களில் கல் உப்பு நல்லது. ஈர வண்ணத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் நாலைந்து கல் போட்டால், அது சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து நட்சத்திரம்போல் தடம் விடும். முழுக்கக் காய்ந்த பிறகு தட்டிவிடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் ஆரத்திச் சிவப்பையும் ஆசைக்குப் பூசிப் பார்க்கலாம். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துப்போகும். அடுத்தவருக்குக் கொடுக்கும் அட்டையில் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

ஒரே அட்டையில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். அந்தச் சிறிய இடத்துக்கு இரண்டு முறைகள் போதும். ஒன்பது அட்டைகளிலும் ஒரே நீலத்தைப் பூசிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: ஒன்றில் உப்பு, ஒன்றில் ஜரிகைத் துண்டு, ஒன்றில் நூல் தையல். செய்ததை உடனே பின்பக்கம் பென்சிலில் குறியுங்கள். அடுத்த மாதம் "இதை எப்படிச் செய்தேன்?" என்று தவிக்க வேண்டியிருக்காது.

இப்போது அந்த மெழுகு அட்டை. அது கெட்டுப்போகவில்லை, தங்கையே. மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. நீலத்தைப் பூசியபோது சொட்டுகள் மட்டும் வெள்ளையாகத் தப்பின. பாத்திக் துணிக்குச் சாயம் போடுவதும் இதே வழியில்தான். அடுத்த முறை மெழுகுவர்த்தி முனையால் நீங்களே கோலம் வரைந்து, அதன்மேல் வண்ணம் பூசிப் பாருங்கள். வரையும்போது கண்ணுக்குத் தெரியாத கோடு, தூரிகை நகர நகர வெளிப்படும்.

இந்த அட்டைப் பழக்கத்தை 1997இல் சூரிச் நகரில் தொடங்கிவைத்த ஓவியர் ஷ்டிர்னெமான், தான் செய்த அட்டைகளைக் காட்சிக்கு வைத்து, மற்றவர்களையும் செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ள அழைத்தார். விற்பதில்லை, மாற்றிக்கொள்வதே வழக்கம். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுவார்கள். நீங்களும் எழுதுங்கள். "மின்சாரம் போன இரவு" என்று தலைப்பிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, முதல் அட்டையாக அதையே தோழிக்கு அனுப்புங்கள்.