சுருக்கென்றாலே பயமாக இருக்கிறது, டாக்டரம்மா!

கேள்வி: போன வருஷம் கரு குழாயில் தங்கி, இடது குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடி 5 வாரம். பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். மாமியார், 'யாரிடமும் மூச்சு விடாதே' என்கிறார்.
- வாசகி, யாங்கோன்

பதில்: பார்க்காதே என்றால் கேட்கவா போகிறீர்கள்? பாருங்கள். ஆனால் பழைய ஆபரேஷன் சீட்டோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கம்மா. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். 6-7 வாரத்தில் உள்வழி (பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்) ஸ்கேனில் கரு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கரு மறுபடி குழாயில் தங்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம்தான். அடிவயிற்றில் லேசான இழுப்பு சகஜம். ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ராத்திரியில் டாக்சி பிடிக்க ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? மழைக்காலம் வேறு; தெருவில் தண்ணீர் நின்றால் எந்த வழியாகப் போவதென்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.