பேப்பர் படிப்பவர் ஏன் முக்காலியில் இடிக்கிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மாமனாருக்கு 72 வயது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தமிழ் முரசு நாளிதழின் தலைப்புகளை அவர் படிக்கிறார். அடுத்த நிமிடம் முக்காலியில் இடித்துக்கொண்டு விழப் பார்க்கிறார். கவனக்குறைவா, வீம்பா என்று என் கணவருக்குச் சந்தேகம். வெளியே போகும்போது கணவர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. இப்போது வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தவர் அவர். இன்னொன்று: சாயங்காலத்தில் சோபாவில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே சொல்லாதே என்றார். பணிப்பெண்ணும் நானும் அவருக்கு எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறோம். இதற்குமேல் என்ன செய்வது?

வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

சோபாவில் தெரியும் பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது. அதை அவர் உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்களோ என்று அஞ்சிப் பலர் வாயே திறப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று மருத்துவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் சார்ல்ஸ் போனே, பார்வை குன்றிய தம் பாட்டனாருக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்ததை 1760இல் எழுதிவைத்தார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே உருவங்களை உண்டாக்குகிறது. மங்கிய வெளிச்சத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இது கூடுதலாக வரும். சாயங்காலமும் சோபாவும் அதனால்தான். பேய் பிசாசு எதுவும் இல்லை. மறதிநோய் என்றும் பயந்துவிட வேண்டாம்.

அந்த நேரத்தில் விளக்கைப் போடுங்கள். கண்ணைப் பலமுறை சிமிட்டச் சொல்லுங்கள், தலையை அசைக்காமல் பார்வையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள், உருவம் தெரியும் பக்கம் கையை நீட்டித் தொடச் சொல்லுங்கள். பலருக்கு இதில் ஏதாவது ஒன்றில் உருவம் கலைந்துவிடும். அடுத்த கண் பரிசோதனையில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உருவங்கள் பேசுவதாக அவர் சொன்னாலோ, அவை உண்மை என்று நம்பத் தொடங்கினாலோ, காய்ச்சலோடு அல்லது புதிய மருந்து ஒன்றைத் தொடங்கியபின் திடீரெனக் குழம்பினாலோ அது வேறு விஷயம். அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இனி முக்காலி. இது வீம்பில்லை என்று உங்கள் கணவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். கிளாக்கோமா பெரும்பாலும் பக்கப் பார்வையை முதலில் அரிக்கிறது. நடுப்பார்வை கடைசிவரை ஓரளவு தங்கும். பேப்பரின் தலைப்பு அந்த நடுவில் விழுகிறது, அதனால் படிக்கிறார். முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் இருக்கும் முக்காலி அவருடைய பார்வைப் பரப்பிலேயே இல்லை. விழித்திரையின் மையத்தில் தேய்மானம் வந்தவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும்: முக்காலியைச் சுற்றிக்கொண்டு போவார்கள், எதிரே நிற்கும் மகளின் முகம் தெரியாது. இரண்டு பேரையுமே வீட்டார் நடிப்பதாகச் சந்தேகிக்கிறார்கள். இந்தச் சந்தேகம் உண்டாக்கும் காயம் பார்வை போனதைவிடக் குறைந்ததில்லை.

கிளாக்கோமாவில் நிற வேறுபாட்டை உணரும் திறனும் குறையும். சாம்பல் தரையில் சாம்பல் நிறப் படி அவருக்குப் படியே அல்ல. வெயிலிலிருந்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள நிழலுக்குள் வந்ததும் கண் பழக நமக்கு ஆவதைவிட அதிக நேரம் பிடிக்கும். அங்கே சற்று நின்றுவிட்டு நடக்கலாம். முன்விளிம்புள்ள தொப்பி கூச்சத்தைக் குறைக்கும்.

வீட்டில் வாங்குவதைவிட அகற்றுவதே அதிகம் உதவும். கண்ணாடி மேசை, முக்காலி, நடைவழியில் சுருளும் கால்மிதி, சார்ஜர் கம்பி எல்லாம் வெளியேறட்டும். கதவுகள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியில் இடிக்கும். சமையலறை மேல் அலமாரிக் கதவும் அப்படியே. குளியலறை வாசலில் உயரம் மாறினால் அந்த விளிம்பு முழுவதும் விரற்கடை அகலத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள் நாடா ஒட்டுங்கள். குளியலறைக் கைப்பிடிகளுக்கும் தரை வழுக்காமல் செய்வதற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முதியோர் வீடுகளுக்காக நடத்தும் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் வயதுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எந்தப் பொருளை நகர்த்தினாலும் அவரிடம் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நாற்காலியை வேறு பக்கம் போடுவது நமக்குச் சின்ன வேலை. அவர் தலைக்குள் வைத்திருக்கும் வீட்டின் வரைபடம் அந்த இடத்தில் பொய்யாகிவிடுகிறது.

உங்கள் கணவர் கையைப் பிடித்து இழுப்பது அக்கறையில்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இழுக்கப்படுபவருக்கு முன்னால் என்ன வருகிறது என்ற தகவல் எதுவும் கிடைப்பதில்லை. உடல் நிலைகுலைகிறது, பயம் வருகிறது, பயம் கோபமாக வெளிவருகிறது. மாமா உங்கள் கணவரைப் பிடிக்கட்டும். கணவர் தம் புறங்கையால் அவருடைய கையைத் தொட்டால் போதும். மாமா அங்கிருந்து முழங்கைக்குச் சற்று மேலே, கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொள்வார். கணவர் அரைக் காலடி முன்னால், மாமா அரைக் காலடி பின்னால். கணவரின் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்த முழங்கை வழியாக முன்கூட்டியே அவருக்குத் தெரிந்துவிடும். பிடியை விடுவதும் அவர் கையில் இருக்கும். எந்தக் கையை, எந்தப் பக்கம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

குறுகலான இடம் வந்தால் கணவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால், மாமா நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டுக்குக் கோணலாகப் போகக் கூடாது. நேராகப் போய், விளிம்பில் நின்று, “படி, இறங்குது” என்றோ “ஏறுது” என்றோ சொல்லவேண்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்ல மறப்பதால்தான் பெரும்பாலும் தடுமாற்றம். கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம் என்று சொல்லி அவர் கையை அதன்மேல் வையுங்கள். படிகளை எண்ணிச் சொல்லவேண்டியதில்லை, ஒன்று தப்பினால் விழுவார். கடைசிப் படி தாண்டியதும் நின்று, “முடிஞ்சது” என்று சொன்னால் போதும். உட்காரவைக்கும்போது தோளைப் பிடித்து அமுக்காதீர்கள். நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்துவிட்டு விலகுங்கள், அவரே உட்காருவார். டாக்சியில் ஒரு கையைத் திறந்த கதவின் மேலும், இன்னொரு கையைக் கூரை விளிம்பிலும் வைத்துக்கொடுத்தால் தலை இடிக்காது. மின்படியா மின்தூக்கியா என்று அவரைக் கேளுங்கள். வெட்டவெளியில் அவரைத் தனியே நிறுத்திவிட்டுப் போகவேண்டி வந்தால், ஒரு சுவரையோ தூணையோ தொடும்படி நிறுத்துங்கள்.

பேச்சில் மாற்றவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் நாள் முழுவதும் மாற்றவேண்டும். அறைக்குள் வந்ததும் “மாமா, நான்தான்” என்று சொல்லுங்கள். போகும்போது போவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளில்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்தது தெரியவரும்போது ஏற்படும் கூச்சம் மிகக் கொடியது. நம்மவர்கள் தலையை ஆட்டியே பதில் சொல்லிவிடுவோம். அவருக்கு வாயால் “ஆமா”, “சரி” என்று வரவேண்டும். “இதோ இருக்கு”, “அங்க வச்சிருக்கேன்” என்பவை அவருக்குத் தகவலே அல்ல. “உங்க வலது கைக்கு ஒரு சாண் தள்ளி, மேசை ஓரத்தில்” என்பது தகவல். காது நன்றாகக் கேட்கிறது என்றால் சத்தமாகப் பேசவேண்டியதில்லை. “டிவி பார்த்தீங்களா மாமா?” என்று தயங்காமல் கேட்கலாம். விருந்தினர் உங்களைப் பார்த்து “மாமா சாப்பிட்டாரா?” என்று கேட்டால், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் பெயரைச் சொல்லிக் கேள்வியை அவரிடம் திருப்புங்கள். கடிதம் வந்தால் அனுப்பியவர் யார், தலைப்பு என்ன என்று சொல்லிவிட்டு, முழுக்கப் படிக்கட்டுமா என்று கேளுங்கள். வங்கிக் கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் படிக்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் வாழை இலைக்கு ஈடில்லை. பச்சையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும். நுனி இடப்பக்கம், தொட்டுக்கொள்வது மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில் என்ற ஒழுங்கு அவர் கைக்கு வாழ்நாள் பழக்கம். அந்த ஒழுங்கைத் தட்டுக்கும் கொண்டுவாருங்கள். தினமும் பொரியல் அதே இடத்தில் இருக்கட்டும், மாறினால் சொல்லுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போடாதீர்கள், அடர்நிறத் தட்டு வாங்குங்கள். ஊட்டிவிடவே வேண்டாம். சூடான தேநீரைக் கோப்பையில் முக்கால்வரை மட்டும் ஊற்றி, பிடி எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

சொட்டு மருந்தில் எஞ்சிய பார்வையே அடங்கியிருக்கிறது. ஒரே மாதிரிப் புட்டிகளை அவரால் பிரித்தறிய முடியாமல் போவது அடிக்கடி நடக்கும் தவறு. காலைப் புட்டிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவுப் புட்டிக்கு இரண்டு போடுங்கள். இரண்டு மருந்து அடுத்தடுத்து விடவேண்டுமானால் நடுவே குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை 1 அல்லது 2 நிமிடம் மெதுவாக அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணில் தங்கும். மாமாவே விடப் பழகுவது நல்லது.

அடுத்து தேக்கா. அவருக்குப் பதிலாக நீங்கள் மீன் வாங்கி வராதீர்கள், அவரையே அழைத்துப் போங்கள். யீஷூனிலிருந்து சிவப்புப் பாதையில் நியூட்டன், அங்கே நீலப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் தேக்காவுக்கான லிட்டில் இந்தியா. எம்ஆர்டி ரயில் நிலையத் தரையில் நீளக் கோடுகள் “போ” என்றும், வட்டப் புடைப்புகள் “நில், கவனி” என்றும் சொல்கின்றன. அவர் காலால் ஒருமுறை உணர்ந்துகொள்ளட்டும். நிலைய ஊழியரிடம் சொன்னால் ரயில்வரை அழைத்துப்போய், இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்வார்கள். கூட்டம் குறைந்த வேலைநாள் காலையாகத் தேர்ந்தெடுங்கள். சந்தையின் தரை ஈரம், தள்ளுவண்டிகள் குறுக்கே வரும். சந்தைக்கு வெளியே கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதை இன்னும் சிரமம்: கடைக்குக் கடை உயரம் மாறும், சரக்கு வெளியே அடுக்கியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே போங்கள்.

மீன் கடையில் மீனின் சதையை அழுத்தி, செவுளை முகர்ந்து பார்ப்பது அவர் வேலை. கடைக்காரர் உங்களிடம் விலை சொன்னால், மாமாவிடம் சொல்லச் சொல்லுங்கள். பணத்தையும் அவரே கொடுக்கட்டும். நம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நோட்டுகள் மதிப்பு கூடக்கூட நீளும்: 2 வெள்ளி 126 மில்லிமீட்டர், 10 வெள்ளி 141, 50 வெள்ளி 156. மூலையில் புடைத்த அடையாளம் உண்டு, பழைய நோட்டில் தேய்ந்துவிடும். ஆகவே மடிப்பு முறை நல்லது. 2 வெள்ளியை மடிக்காமல், 5 வெள்ளியை அகலவாக்கில் பாதியாக, 10 வெள்ளியை நீளவாக்கில், 50ஐத் தனிப் பையில் என்று ஒரு முறையை அவரே முடிவுசெய்து கைக்கொள்ளட்டும்.

கோயிலிலும் இதே முறைதான். தீபத் தட்டு வரும்போது எந்தப் பக்கம் என்று முன்னதாகச் சொல்லுங்கள். நெருப்பை நோக்கி அவர் கையைப் பிடித்து நீட்டாதீர்கள். திருநீற்றை உள்ளங்கையில் வையுங்கள்.

தனியாக நடக்க வெள்ளைக் கைத்தடி வேண்டியிருக்கும். அதை வெறுமனே கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். தடியின் நீளம் ஆளுக்கு ஏற்ப மாறும். எந்தக் கால் முன்னே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தடியை வீசும் முறையைப் பயிற்சி பெற்றவர்தான் கற்றுத்தர வேண்டும். தடி தரையைத்தான் படிக்கும், தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதைப் படிக்காது. உங்கள் மாடியின் நடைவழியில் துணிக் கொடியும் சைக்கிள் கைப்பிடியும் நீட்டிக்கொண்டிருந்தால் அண்டை வீட்டாரிடம் பேசுங்கள். தோ பாயோ ரைஸில், கால்டிகாட் நிலையத்துக்கு அருகே, 1951இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடமாட்டப் பயிற்சி, அன்றாட வேலைப் பயிற்சி, குறைபார்வைப் பரிசோதனை மூன்றும் அங்கே உண்டு. உருப்பெருக்கி போன்ற கருவிகளை வாங்குமுன் லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்காக உள்ள எனேபலிங் வில்லேஜ் வளாகத்தில் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் துணைக்கருவி நிதி, வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை தருகிறது, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. முதலில் மதிப்பீடு, அதன்பின் வாங்குதல் என்ற வரிசையைக் காப்பாற்றுங்கள். கைப்பேசியில் திரையைப் படித்துச் சொல்லும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலும் உண்டு. முதல் வாரம் அழைப்பை எடுப்பது, ஒருவரை அழைப்பது, இரண்டை மட்டும் பழகட்டும்.

கடைசியாக உங்கள் கணவருக்கு ஒன்று. கிளாக்கோமா குடும்பத்தில் வரக்கூடிய நோய். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். வலி இருக்காது, பக்கப் பார்வை குறைவது பல ஆண்டு தெரியாது. அவர் 40 வயதைத் தாண்டியிருந்தால் கண் அழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப் பரப்பு மூன்றையும் இந்த மாதமே பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்