60 லட்சம் யென் பெரியதா, 900 தினார் பெரியதா?

கேள்வி: திருமணமாகாத என் மகனுக்கு டோக்கியோவில் ஆண்டுக்கு 60 லட்சம் யென் சம்பளத்தில் ஒரு வேலையும், குவைத்தில் மாதம் 900 தினார் சம்பளத்தில் ஒரு வேலையும் வந்துள்ளன. குவைத் நிறுவனத்தின் கடிதத்தில் 900.000 என்று இருந்ததால் ஒன்பது லட்சம் என்றே முதலில் நினைத்துவிட்டோம். வீட்டுக் கடனில் 14 லட்சம் ரூபாய் பாக்கி இருக்கிறது. இரண்டில் எது பெரிய தொகை? – வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் புள்ளியைக் கண்டு குழம்புவது இயல்புதான். ஒரு தினார் என்பது 1,000 ஃபில்ஸ் என்பதால், குவைத்தில் தொகையைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களுடன் எழுதுவார்கள், 900.000 என்பது வெறும் தொள்ளாயிரம் தினார்தான். யென்னோ மிகச் சிறிய அலகு என்பதால், நம் நாட்டில் வெளியிடப்படும் அன்றாட மதிப்பே 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் சொல்லப்படுகிறது. 100 யென்னுக்கு 58 ரூபாய், ஒரு தினாருக்கு 280 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டோக்கியோ சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 34.8 லட்சம், குவைத் சம்பளம் 30.2 லட்சம் ரூபாய் ஆகிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டோடு நீங்கள் நின்றுவிடக் கூடாது. குவைத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஜப்பானில் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, குடியிருப்பு வரி எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 46 லட்சம் யென், அதாவது 26.7 லட்சம் ரூபாய். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது கணக்கிடப்பட்டு, பொதுவாக இரண்டாம் ஆண்டில்தான் பிடிக்கப்படும் என்பதால், முதல் ஆண்டுச் சம்பளச் சீட்டை வைத்துத் திட்டமிட வேண்டாம்.

என் பெரிய கவலை நாணய ஏற்ற இறக்கம். 2021 தொடக்கத்தில் 100 யென்னுக்கு 70 ரூபாய் அளவில் கிடைத்தது. 2024 ஜூலையில் அது 52 ரூபாய்க்கு இறங்கியது. கைக்கு வரும் அதே 46 லட்சம் யென், முதல் மதிப்பில் 32 லட்சம் ரூபாயாகவும் அடுத்த மதிப்பில் 24 லட்சமாகவும் மாறிவிடும். உங்கள் கடன் ரூபாயில் இருக்கிறது, தவணையும் மாதந்தோறும் ரூபாயில்தான் போகிறது. தினார் 2007 முதல் பல நாணயங்களின் தொகுப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால், இந்த அளவுக்கு ஆடுவதில்லை. கடனை விரைவில் அடைப்பதுதான் முதல் நோக்கம் என்றால், நான் குவைத்தையே சொல்வேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். டோக்கியோவில் வாடகை மாதம் 80,000 யென் என்று வைத்தால், ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும். குவைத் நிறுவனமே தங்குமிடம் தந்தால், மற்றச் செலவுகளைக் கணக்கில் எடுக்காத நிலையில், குவைத் வேலையில் ஒன்பது லட்சம் ரூபாய் கூடுதலாக மிஞ்சும். மாறாக, அந்த 900 தினாரிலிருந்தே மாதம் 200 தினார் வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் இடைவெளி இரண்டரை லட்சத்துக்குள் சுருங்கிவிடும். ஆகவே தங்குமிடம் தனியா, சம்பளத்துக்குள் அடங்கியதா என்பதை எழுத்து மூலம் வாங்கிய பிறகே மகன் கையெழுத்திடட்டும்.