ரத்த வாந்திக்கு ஆண்டிபயாடிக் ஊசி எதற்கு?

கேள்வி: பெகுவில் இருக்கும் என் மாமனாருக்கு சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கும் நோய்). ஒரு நாள் ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் எதுவும் இல்லாதபோதே ஒரு ஆண்டிபயாடிக் ஊசி போட்டு ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் தொடர்ந்து கொடுத்து, 5 நாளில் நிறுத்திவிட்டார்கள். இது தேவைதானா? அடுத்த முறைக்கு அந்த மருந்தை மாத்திரையாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: போட்டது சரி, 5 நாளில் நிறுத்தியதும் சரி. வீட்டில் வாங்கி வைப்பதுதான் வேண்டாம்.

சிரோசிஸ்காரர் ரத்த வாந்தி எடுத்தால் வீட்டார் கவலையெல்லாம் போன ரத்தத்தைப் பற்றியே இருக்கும். ரத்தம் நின்ற பிறகும் ஆளைச் சாய்ப்பது பல நேரம் கிருமித் தொற்றுதான். இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போதே தொற்று இருக்கும். தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் இன்னும் பலருக்கு முதல் சில நாட்களுக்குள் வரும். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுவதால் குடல் சுவர் வீங்கித் தளர்ந்து, ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகளை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. அவற்றை வடிகட்ட வேண்டிய கல்லீரலோ சுருங்கிக் கிடக்கிறது. ரத்தத்தில் ஒரு பங்கு அதைத் தொடாமலே பக்கவழியில் போய்விடுகிறது. தொற்று வந்தால் அந்த அழுத்தம் மேலும் ஏறும், ரத்தம் உறைவதும் கெடும், நின்ற கசிவு மறுபடி தொடங்கும். அதனால்தான் இந்த ஊசி தொற்றை மட்டுமல்ல, மறுகசிவையும் இறப்பையும் குறைக்கிறது.

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது தப்பு. இந்த நோயாளிகள் பலருக்குத் தொற்று முற்றிய பிறகும் உடம்பு சுடாது. மண்ணீரல் வீங்கியிருப்பதால் வெள்ளணு எண்ணிக்கையும் ஏறாமல் ஏமாற்றும்.

வழக்கமாகக் கொடுப்பது செஃப்ட்ரயாக்சோன் 1 கிராம், 24 மணிக்கு ஒரு தடவை, நரம்பு வழியாக. 7 நாளுக்கு மேல் தேவையில்லை. கசிவு நின்று, ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆக்ட்ரியோடைட் அல்லது டெர்லிப்ரெசினும் நிறுத்தப்பட்டால் முன்பே முடிக்கலாம். உங்கள் மாமனாருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் நார்ஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. நோய் முற்றியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், மாத்திரை பெற்றவர்களில் 33 சதவீதத்துக்கும் ஊசி பெற்றவர்களில் 11 சதவீதத்துக்கும் தொற்று வந்தது. நார்ஃப்ளாக்சசின் குடும்பத்து மாத்திரைகளை வயிற்றுப்போக்குக்கெல்லாம் கடையில் வாங்கி விழுங்கும் ஊர்களில் கிருமிகள் அதற்குப் பழகிப்போயிருக்கும். ரத்தம் கக்குகிறவருக்கு மாத்திரை வயிற்றில் தங்குமா என்பது வேறு கேள்வி.

பெகுவிலிருந்து ரங்கூன் 50 மைல். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) 12 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. ஆண்டிபயாடிக் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் டோஸ் புறப்படும் முன்பே ஏறிவிட வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மாற்றுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு முறை போடுவார்கள், அல்லது இரு பக்கமும் மற்றவர் போட்டிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். பெனிசிலின் ஊசியில் மூச்சு முட்டியதோ உடம்பு தடித்ததோ உண்டென்றால் முதலிலேயே சொல்லுங்கள். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள சலைனோடு செஃப்ட்ரயாக்சோனைக் கலக்கக் கூடாது. ஜென்டாமைசின் என்ற வேறொரு ஆண்டிபயாடிக் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் இங்கே தவிர்ப்பார்கள்.

வயிற்றில் நீர் இருந்தால் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250க்கு மேல் இருந்தால் தொற்று ஏற்கெனவே வந்துவிட்டது. அப்போது இது தடுப்பு அல்ல, சிகிச்சை, கணக்கே வேறு. எண்டோஸ்கோப்பிக்கு முன் எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் ஏற்றினால் 'இன்னொரு ஆண்டிபயாடிக்கா' என்று சண்டை போடாதீர்கள். அது வயிற்றில் தேங்கிய ரத்தத்தைக் கீழே தள்ளி, பார்க்க வழி செய்வதற்கு.

இனி வீட்டு விஷயம். ரத்த வாந்தியின்போது மாத்திரையைத் தேடுவதில் போவது நேரம்தான். தினசரி நார்ஃப்ளாக்சசின் முக்கியமாக வயிற்று நீரில் ஒருமுறை தொற்று வந்தவர்களுக்கு, அதுவும் டாக்டர் சொன்னால். உண்மையில் அடுத்த கசிவைத் தடுப்பவை இரண்டு: கசிவுக்குக் காரணமான, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்கள் மறையும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியில் ரப்பர் வளையம் போடுவது, அதோடு அந்த ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை. ரங்கூன் போய்வரும் செலவை நினைத்து இரண்டாவது வளையத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் மறுபடி ரத்தத்தோடு வருகிறார்கள். புரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனால் டாக்டரிடம் கேளுங்கள்.

உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கலந்து கட்டித்தரும் மாத்திரைப் பொட்டலம் கூடவே கூடாது. அதில் டைக்ளோஃபெனாக் இருந்தால் கசிவும் வரும், சிறுநீரகமும் போகும். தவிர்க்க முடியாத வலிக்குப் பாராசிட்டமால், நாளுக்கு மொத்தம் 2 கிராமுக்குள்.

மலம் தார்போல் கறுத்து, ஒட்டி, நாறினால் வாந்திக்காகக் காத்திராமல் அன்றே கிளம்புங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.