உமேகோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பன் 5000 யென் நோட்டு ஒன்றைக் காட்டினான். அதில் இருக்கும் அம்மையாரின் பெயர் ட்சுதா உமேகோ என்றான். சுதா, உமை, கோ எல்லாமே நம் சொற்கள்தானே? தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று அந்நாட்டு அறிஞரே சொல்லியிருக்கிறாரே. இப்பெயரின் பொருள் என்ன? போன மாதம் எங்களுக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். ‘உ’வில் தொடங்கி, கூட்டினால் 5 வரும் பெயராகத் தேடுகிறோம். வீட்டில் கொஞ்சம் மனக்கசப்பு. அப்பா இன்னும் குழந்தையைப் பார்க்க வரவில்லை.

கே., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கே.,

உமைக்கும் உமேகோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுதாவுக்கும் இல்லை, ட்சுதா என்பது குடும்பப் பெயர். நீங்கள் சொல்லும் சுசுமு ஓனோ பெரிய உழைப்பாளி. ஆனால் அவருடைய தமிழ் உறவுக் கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எண் கணிதம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

உமே ஒரு மரம். பிளம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். சீனாவிலிருந்து போனது. குளிர் விலகாத பிப்ரவரியிலேயே, இலை விடுவதற்கு முன்னால், வெறும் கிளையில் பூத்துவிடும். செர்ரிப் பூவின் புகழெல்லாம் பிற்பாடு வந்தது. 8ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷூவில் செர்ரியைவிட உமேதான் அதிகம். இன்றைய பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கு வைத்த ‘ரெய்வா’ என்ற பெயரே, 730இல் தசைஃபுவில் நடந்த உமேப் பூ விருந்தில் பாடிய கவிதைகளின் முன்னுரையிலிருந்து எடுத்ததுதான். காயை உப்பில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினால் உமேபோஷி. நம் உப்பு நாரத்தங்காய் தின்று வளர்ந்த நாக்குக்கு அது பெரிய அதிர்ச்சி தராது.

சரி, பொருள் சொல்லிவிட்டேன். ஆனால் என்னை எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. கொஞ்ச நாளாக உமேகோவின் வாழ்க்கையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னைக் குடைந்துகொண்டிருப்பவர் அவருடைய அப்பா.

ட்சுதா சென் ஒரு சாமுராய். 1864 டிசம்பர் கடைசியில், அப்போது எடோ என்றழைக்கப்பட்ட டோக்கியோவில், அவருக்கும் இரண்டாவது பெண் பிறந்தாள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்தவர் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாராம். பிறந்த ஏழாம் நாள் இரவு பெயர் வைப்பது அங்கே வழக்கம். அன்றும் வரவில்லை என்கிறார்கள். தாய் படுத்திருந்த தலைமாட்டில் ஒரு தொட்டி, அதில் குட்டையாக வளர்த்த உமே மரம், பூத்திருந்தது. அதையே பெயராக வைத்துவிட்டார்கள். யாரும் பட்டியலைப் புரட்டவில்லை, கூட்டிப் பார்க்கவும் இல்லை. வராதவருக்காகக் காத்திருக்கவும் இல்லை.

வெறும் உமேதான், அப்போது ‘கோ’ கிடையாது. அக்காலத்துச் சாதாரணப் பெண்களின் பெயர்கள் அவ்வளவு சின்னவை. மட்சு என்றால் பைன் மரம், ட்சுரு என்றால் கொக்கு, கமே என்றால் ஆமை. பிள்ளைகள் போதுமென்று தோன்றினால் தோமே, அதாவது நிறுத்து. எங்கள் ஊரில் போதும்பொண்ணு என்று ஓர் அத்தை இருந்தார். ரேஷன் கடையில் சத்தமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டால் காதில் விழாதவர்போல் சுவரைப் பார்த்து நிற்பார். நான்தான் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போவேன்.

‘கோ’வுக்குக் குழந்தை என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். எழுத்து அதுதான். ஆனால் கன்ஃபூசியஸின் சீனப் பெயரில் அதே எழுத்து ஆசான் என்ற மரியாதையோடு நிற்கிறது. ஜப்பானிலும் முற்காலத்தில் ஆண்களுக்கு இருந்தது. 607இல் சீனாவுக்குத் தூது போன ஓனோ நோ இமோகோ ஆண்பிள்ளை. அப்புறம் அது அரண்மனைப் பெண்களுக்குப் போயிற்று. 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில்தான் ஊர்ப் பெண்களிடம் பரவியது. அந்த எழுத்தை உமே 1902இல், 37 வயதில், தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பெண்களுக்கென்று பள்ளி தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 10 பேர்.

கோபித்துக்கொண்டு போன அதே அப்பாதான் 1871இல் அவரை, ஆறு வயதில், அரசு செலவில் படிக்க அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். போன ஐந்து பெண்களில் அவள்தான் கடைக்குட்டி. 1882இல் திரும்பியபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது, அம்மாவோடு பேசத் தடுமாறினாள். சென் திருந்திவிட்டார், முற்போக்காளர் ஆகிவிட்டார் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. பால் பற்கள் விழாத பிள்ளையைப் பத்து வருடத்துக்கென்று அனுப்பியதில் பாசம் எவ்வளவு, லட்சியம் எவ்வளவு? அவள் பிற்பாடு தவளை முட்டைகளை ஆராய்ந்து கட்டுரை எழுதியதும், 2024 ஜூலையில் நோட்டில் ஏறியதும் அவள் சம்பாத்தியம். அப்பா கணக்கில் எழுதாதீர்கள்.

உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். பேத்தி பிறந்து ஒரு மாதம், தாத்தா எட்டிப்பார்க்கவில்லை. அதைக் கடைசியில் ஒரு வரியில் ஒளித்துவிட்டு என்னிடம் 5ஆம் எண் கேட்கிறீர்கள். அவருடைய வீட்டுக்குப் போங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேண்டாம், தனியாக. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பெயர் வைப்பதை மட்டும் அவருடைய வருகையோடு முடிச்சுப் போடாதீர்கள். உங்கள் மனைவியின் கண்ணில் தினமும் படுவது எதுவோ, அவரைக் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பெயரானாலும் உமேகோ வேண்டாம். கோபிசெட்டிபாளையத்தில் முதல் வாரத்திலேயே உமாக்கோழி ஆக்கிவிடுவார்கள்.