சண்டை அதிர்கிறது, வசனம் கேட்கவில்லை!

வீட்டு வரவேற்பறையில் ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) போட்டிருக்கிறோம். சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது; பேசுவது மட்டும் காதில் விழுவதில்லை. ரிமோட்டும் கையுமாகவே உட்கார்ந்திருக்கிறோம். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். இந்தப் புகாரில் பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் தப்பு இருக்காது, அது இருக்கும் இடத்தில்தான் இருக்கும். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் உள்ளே தள்ளி வைத்திருந்தால், குரல் முதலில் பலகையில் மோதிக் குழம்பிவிட்டுத்தான் உங்களிடம் வரும். ஸ்பீக்கரின் முகப்பு தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடையாவது வெளியே நிற்கட்டும். அடுத்து, அது உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முன்பக்கம் சின்ன ரப்பர் ஆப்பு கொடுத்து மேல்நோக்கிச் சாயுங்கள். எவ்வளவு சாய்ப்பது? முகப்பின் மேல் ஒரு கைக்கண்ணாடியைத் தட்டையாக வைத்து ஒருவர் பிடிக்கட்டும். சோபாவில் உட்கார்ந்தவருக்கு அதில் தன் முகம் தெரிந்தால் சரியான சாய்வு.

பிறகு டி.வி.யின் ஒலி அமைப்புக்குப் போங்கள். டி.வி.யின் ஒலியை ரிசீவருக்கு (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டி) ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி என்ற இணைப்பு வழியாக அனுப்பி, ஒலி வடிவத்தை 'பிசிஎம்' என்று விட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான் போய்ச் சேரும். ஒலியை அப்படியே அனுப்பும் 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். டால்பி படம் ஓடும்போது ரிசீவரின் திரையில் அந்தப் பெயர் வர வேண்டும். இவ்வளவும் செய்தபின் போதவில்லை என்றால் மட்டும் சென்டரின் அளவை 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்கள். இரவில் பார்க்கிறவர்கள் ரிசீவரின் 'நைட் மோட்' போட்டால், பெரிய சத்தம் அடங்கி, சின்னச் சத்தம் தூக்கிக் கொடுக்கப்படும்.

கேள்வி: சப்வூஃபரை மூலையில் வைத்தால் ஒரே 'கும்' சத்தம். வேறெங்கோ வைத்தால் பேஸே (தாழ்ந்த ஒலி) காணோம். சரியான இடம் எது?

அது அறைக்கு அறை மாறும். காரணம் தெரிந்தால் தேடுவது சுலபம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அறைக்குள் அடங்காத அந்த அலை எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலக்கிறது. சில இடங்களில் கூடிப் பெருத்துவிடும், சில இடங்களில் கழிந்து காணாமல் போகும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு கடைசிச் சுவர்களருகே வீங்கி, நட்டநடுவில் செத்துவிடும். நடுவில் சோபா போட்டவர் எத்தனை வாட் சப்வூஃபர் வாங்கினாலும் அந்தக் குழி நிரம்பாது.

வழி இதுதான். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் தனித்துக் கேட்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். காது தரையை ஒட்டி இருக்கட்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாக, வீக்கம் இல்லாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை இறக்குங்கள்.

இறக்கியபின் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் திருகியை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இரண்டும் ஒரே வேலையில் தலையிடக் கூடாது. 'phase' என்று எழுதிய திருகியை (அலையின் ஏற்ற இறக்கத்தைத் திருப்புவது) 0, 180 டிகிரி என்று மாற்றிப் பார்த்து, சோபாவில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதையே விட்டுவிடுங்கள். மைக் வைத்துத் தானாக அளக்கும் ரிசீவர்கள் முன் ஸ்பீக்கர்களைச் சில சமயம் 'லார்ஜ்' என்று முடிவுகட்டும். அதை 'ஸ்மால்' ஆக்கினால்தான் அந்த ஸ்பீக்கர்களின் தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் போகும்.

கேள்வி: சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. சரவுண்ட் (சுற்றொலி) ஸ்பீக்கர்களை அந்தச் சுவரிலேயே உச்சியில் மாட்டலாமா?

வேண்டாம். 5.1க்குப் பக்கவாட்டுதான் சரி: காதுக்கு நேர் பக்கத்திலிருந்து 20 டிகிரி பின்தள்ளி இருக்கலாம், அதற்குள் எங்கேயும் சரி. உட்கார்ந்த காதுக்கு ஓரடி, இரண்டடி மேலே இருந்தால் போதும். சோபாவையும் அரை மீட்டர் முன்னால் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். பேஸ் வீக்கம் ஓரளவு குறையும்.

கேள்வி: சரவுண்டுக்கு 12 மீட்டர் வயர் ஓட வேண்டும். எந்த வயர்?

8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். 15 மீட்டர் தாண்டினாலோ, 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ 2.5 வாங்குங்கள். இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; அதே தடிமனில் மின்தடை கூடுதல். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. முன் ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் நிறம் மாறினால் பேஸ் வற்றிப்போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது.

கேள்வி: அரைமணி நேரம் ஓடியதும் ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது.

அரைமணி கழித்து என்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். ரிசீவரின் மேல் செட்டாப் பாக்ஸ் வைத்திருந்தால் எடுத்துவிட்டு, மேலே 10 செ.மீ.யாவது காலி விடுங்கள். அப்புறம் ஸ்பீக்கர்களின் ஓம் அளவு, ரிசீவரின் பின்புறம் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். சத்தம் ஏற்றிய உடனே அணைந்தால் கதை வேறு: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்கில் அடங்காத ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிய பிறகும் அணைகிறது என்றால் கோளாறு உள்ளேதான், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.